பஞ்சர் நின்ற பிறகு

2016-ஆம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும், ஆக்லாந்தில் செய்யப்படும் ஆணிகள் எல்லாம் என் சைக்கிள் டயரை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த பிளாட் புஷ்ஷில் அப்போது தெருவுக்குத் தெரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் திருகாணி, கம்பித் துண்டு, தகரச் சீவல் எல்லாவற்றையும் வழியெங்கும் தாராளமாகத் தூவிவிட்டுப் போகும். அதற்குத் தப்பி பாபடோயிட்டோய் பக்கம் வந்தால், வார இறுதியில் யாரோ உடைத்த பீர் போத்தல் திங்கட்கிழமை காலையில் சைக்கிள் தடத்திலேயே படுத்துக்கிடக்கும். நான் வேலை செய்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு மணிக்கு ஷிப்ட். ஆறேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவேன். வாரத்தில் ஒரு நாளாவது ஆறரைக்கு நடுரோட்டில் தலைகீழாகக் கிடக்கும் சைக்கிளின் அருகே நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. கார் ஓட்டினால் எனக்குக் கோபம் வருகிறது, அவ்வளவுதான். சிக்னல் இல்லாமல் திரும்புகிறவன், பச்சை விழுந்த பிறகும் தூங்குகிறவன், ஒரே தடத்தில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு போகிறவன் என்று அத்தனை பேருக்கும் கண்ணாடிக்குள் இருந்தபடியே பாடம் நடத்தி முடித்து வேலைக்குப் போய்ச் சேரும்போது எனக்குத் தலைவலி வந்திருக்கும். சைக்கிளில் போனால் யார்மீதும் கோபம் வருவதில்லை. நாற்பத்தெட்டு வயதில், மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஈரக்காற்றில் மிதித்துப் போகும் அந்த முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கானது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பஞ்சர் ஆனால் கணவருக்கு ஃபோன் செய்வேன். அவர் கடைகளில் இருக்கும் பெரிய ஃபிரிட்ஜ்களையும் குளிர்ப்பதன அறைகளையும் பழுதுபார்க்கிறவர். ஈஸ்ட் தாமாகியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வெள்ளை வேனை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வந்து நிற்பார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. "பசியாறிட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார். பிளாஸ்கில் இஞ்சி போட்ட டீ இருக்கும். சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டு என்னை வேலையில் இறக்கிவிட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார். இந்த நல்ல குணம் சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது. ஒரு தடவையாவது சலித்துக்கொண்டால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனத்தை ஆற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும்.

அந்த ஜூன் மாதத்தில் அவருக்கு ஒரு வேலை தேடி வந்தது. துறைமுகப் பாலத்துக்கு அப்பால், நார்த் ஷோரில் இருந்த ஒரு குளிர்ப்பதனக் கம்பெனி. முதலாளி இவருடைய வேலையை எங்கோ பார்த்திருக்கிறார். எட்டுப் பேருக்கு மேலாளாக வரச் சொன்னார். நகரத்தின் இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள் இருப்பதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பாலத்தைத் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும், மற்றபடி கூரைமேல் ஏறிக் கம்ப்ரஸர் தூக்குகிற வேலை குறையும் என்றார். ஐம்பத்திரண்டு வயதில், முதுகுவலியோடு கூரை ஏறிக்கொண்டிருந்த மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் இரவுச் சாப்பாட்டின்போது.

"ஏன்?"

"நான் அந்தப் பக்கம் போயிட்டா, காலையில பஞ்சர்னு நீ கூப்டா யாரு வர்றது? பாலத்துலருந்து திரும்பி வர்றதுக்கே ஒரு மணி நேரமாவும் லா."

என் சக்கரத்தில் காற்று நிற்காததால் அவர் வாழ்க்கை நின்றுபோகிறதா? அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. "அந்த ஆளுக்கு ஃபோன் போட்டு யோசிக்கிறேன்னு சொல்லுங்க. நான் இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்," என்றேன். சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

எனக்கு ரோஷம் வந்தால் வேலை நடக்கும். தடித்த டியூப் போட்டுப் பார்த்தேன். டயருக்கும் டியூபுக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டை வைத்துப் பார்த்தேன். பட்டையின் ஓரமே டியூபை அறுத்தது. கூடத்தில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தோடு காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர். நான் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"அக்கா, நீங்கள் இன்னும் டியூபோடையா ஓடித் திரியிறீங்கள்? டியூப்லெஸ் போடுங்கோ. ஆணி குத்தினாலும் தானா அடைச்சுக்கொள்ளும். நான் போன வருசம் மாத்தினனான், ஒருக்காக்கூட இறங்கேல்லை."

"அது மலையில ஓட்டுற சைக்கிளுக்குத்தானே?"

"ஓம், முதல்ல அதுக்குத்தான் வந்தது. இப்ப ரோட்டுச் சைக்கிளுக்கும் போடுறாங்கள். கடையில கதைச்சுப் பாருங்கோ."

கதைத்துப் பார்த்தேன். பாபடோயிட்டோயில் ஒரு சைக்கிள் கடை, அதில் என் அப்பா வயது மதிக்கத்தக்க சமோவாத் தீவுக்காரர், கதவை அடைக்கும் அளவுக்குப் பெரிய உடம்பு. என் ரிம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மாற்றலாம் என்றார். பின்சக்கரத்தில்தான் ஆணி அதிகம் ஏறும் என்பதால் முதலில் அதைச் செய்யச் சொன்னேன். ஆரக்கம்பி நுழையும் ஓட்டைகளை அகலமான டேப்பால் இறுக்கமாக மூடினார். தனி வால்வ் ஒன்றைப் பொருத்தினார். புது டயரை ஒரு பக்கம் மாட்டிவிட்டு, மறுபக்கம் திறந்திருக்கும்போது ஒரு சின்னப் போத்தலைக் குலுக்கி வெள்ளையாக எதையோ உள்ளே ஊற்றினார்.

வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமோனியா போட்ட ரப்பர் பால்! நான் பிறந்தது மலேசியாவில், கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அம்மா பால்மரம் சீவினார், அப்பா ஸ்டோரில் பால் நிறுத்து உறைய வைக்கும் வேலையில் இருந்தார். பள்ளிக்கூடச் சட்டையில் ஒட்டுப்பால் கறை இல்லாமல் ஒருநாள் போனதில்லை. அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் விழுந்து விழுந்து படித்தேன், அதனால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம் ஏதும் கிடையாது. ஆனாலும் என்ன செய்வது, தெரிந்த சரக்கு. "இது ரப்பர் பால்தானே?" என்று கேட்டேன். கொஞ்சம் வேறு சாமான்களும் இருக்கும், ஆனால் ஆமாம், அதுதான் என்றார். ஆணி குத்தினால் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும் பால் காற்றுப் பட்டதும் இறுகி அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். எனக்கே விளக்குகிறார். மரத்தில் வெட்டிய இடத்தில் பால் காய்ந்து பட்டையாவதை ஆயிரம் தடவை உரித்து விளையாடியவள் நான்.

முன்சக்கரத்தை நானே செய்துகொள்கிறேன் என்று டயரையும் டேப்பையும் வால்வையும் மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் அந்தச் சின்னப் போத்தலை நீட்டினார். வேண்டாம் என்றேன். அச்சு வார்க்கிறவர்கள் வாங்கும் ரப்பர் பால் கைவேலைக் கடையில் வாளியாகவே கிடைக்கும்போது, எனக்கு எதற்கு ஒரு வாய்க்குக் காணாத போத்தல்? அவர் தோளைக் குலுக்கினார். அவர் நல்ல மனிதர், பிறகு அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை கராஜில் உட்கார்ந்தேன். ரிம்மில் பழைய பிசுக்கு ஏராளம். டேப் ஒட்டவில்லை. நான் வீட்டில் எதைத் துடைத்தாலும் வினிகரால் துடைக்கிறவள். அடுப்பு, குழாய், ஜன்னல், எல்லாம் வினிகர்தான். ரிம்மையும் புது டயரின் உள்பக்கத்தையும் வினிகர் ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்தேன். மழை வரும் போலிருந்ததால் அலசவில்லை. ரிம்மை மட்டும் துணியால் துடைத்துக் காயவைத்து டேப் ஒட்டினேன். பாலில் தண்ணீர் விட்டு, பதம் பார்த்து, டயருக்குள் ஊற்றினேன்.

இப்போது காற்றடிக்க வேண்டும். டியூப்லெஸ் டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்கார வேண்டுமானால் காற்று ஒரே மூச்சில் பாய வேண்டும். என் கைப்பம்பால் முடியவில்லை. அடித்த காற்றெல்லாம் ஓரத்தில் புஸ்ஸென்று போனது. கணவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்குப் போய், ஃபிரிட்ஜ் குழாய்களைச் சோதிக்க வைத்திருக்கும் நைட்ரஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். "ஓரத்துல சோப்புத் தண்ணி தடவு," என்றார். அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாகத் திறந்தார். படார், படார் என்று இரண்டு சத்தம். டயர் வட்டமாக, கச்சிதமாக ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. நான் கைதட்டினேன். அவர் சிரித்தார், ஆனால் சிலிண்டரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்க்கவில்லை. முதுகுவலி என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஏழு வாரம் பஞ்சர் இல்லை. ஏழு வாரம்! பின்டயரிலிருந்து ஒருநாள் விரல்நீளத் திருகாணி ஒன்றைப் பிடுங்கி எறிந்தேன். வெள்ளையாக நாலு சொட்டு வந்து நின்றுபோனது. அப்படியே மிதித்துப் போனேன். கூடத்தில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். முன்சக்கரத்தில் மட்டும் மெதுவாகப் போகும்போது தொப், தொப் என்று ஒரு சத்தம் கேட்கும். பால் உள்ளே புரள்கிறது என்று அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. காலையில் அவர் பிளாஸ்கில் டீ போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "காத்து சரியா இருக்கா, பார்த்தியா?" என்று கேட்பார். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டுவேன். "ம்," என்பார்.

ஆகஸ்டில் அந்த முதலாளி மறுபடி ஃபோன் செய்தார். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நேரில் வந்து இடத்தைப் பாருங்கள், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். "போங்க. இப்ப என்னைச் சாக்குச் சொல்ல முடியாது," என்றேன் நான், வெற்றிக் களிப்பில். அவர் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை, பாதி வழியில், ஒரு போத்தல் கழுத்து முன்டயரில் ஏறியது. நின்று பார்த்தேன். பால் வந்து அடைக்கும் என்று காத்திருந்தேன். சும்மா தண்ணீர் மாதிரி ஏதோ கசிந்தது, அதோடு டயர் சப்பையாகப் போய் ரிம் தரையைத் தொட்டது. மாற்று டியூப் எடுத்து வந்திருக்க வேண்டும், எடுத்து வரவில்லை. என்னிடம்தான் டியூப்லெஸ் இருக்கிறதே!

கைப்பேசியைக் கையில் எடுத்தேன். அவர் பெயர் மேலேயே இருந்தது. அழைத்தால் பத்து நிமிடத்தில் வருவார், அந்த ஒன்பது மணிச் சந்திப்பு போய்விடும், அதோடு எல்லாம் முடிந்துவிடும். கைப்பேசியைப் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். கூடத்துக்கு மட்டும் தாமதம் என்று மேலதிகாரிக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் பையைத் திறந்தால் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு மணி நேர நடை. தூறல் வேறு. கை விட்டுப்போனது, ஆனால் மனத்துக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழேமுக்கால் இருக்கும். கூடத்துக்கு முந்திய சின்னத் தெருவில் திரும்பினேன். வெள்ளை வேன் ஒன்று ஓரமாக நின்றது. ஆக்லாந்தில் வெள்ளை வேனுக்குப் பஞ்சமில்லை என்று கடந்துபோகப் பார்த்தேன். உள்ளே இஸ்திரி போட்ட சட்டையில் என் கணவர். இன்ஜின் ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நான் கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டுத் திரும்பியவர், என்னைப் பார்த்து, பிறகு சப்பையான டயரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பஞ்சரா? ஏன் என்னைக் கூப்புடல?"

அந்த மலர்ச்சியை என்னால் மறக்க முடியாது. தேர்வு ஒத்திவைக்கப்பட்டது என்று கேட்ட பிள்ளை முகம் அது. அதைப் பார்த்தவுடன் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

"இந்நேரம் நீங்க பாலத்துக்கிட்ட இருக்கணும். இங்க என்னா பண்றீங்க?"

"நீ கூப்டுவியோன்னு..."

"நான் கூப்புடல. ஏழு வாரமா கூப்புடல. நீங்க போகாததுக்கு நான் காரணமில்ல, என் டயரும் காரணமில்ல. அப்ப யாரு காரணம்?"

அவர் ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். தூறல் என் ஹெல்மெட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "என்னால அந்தப் பாலத்துல ஓட்ட முடியல மா."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலையாக அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போது, பாலத்தின் ஓரத் தடத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். பக்கத்தில் ஒரு லாரி கடந்தது, அடியில் பாலம் ஆடியது. அது ஆடத்தான் செய்யும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கை மரத்துப்போய், மூச்சு அடைத்து, வேனை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியதாம். அன்றிலிருந்து பாலத்துப் பக்கமே வேனைத் திருப்பியதில்லையாம். மூன்று மாடிக் கூரையின் விளிம்பில் உட்கார்ந்து ரொட்டி தின்கிற மனிதர் இதைச் சொல்கிறார். நார்த் ஷோரில் யார் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பாலத்தைத் தொடாமல் மேற்குப் பக்கம் சுற்றியே கூட்டிப்போனது, நெரிசல் குறைவு என்று அவர் சொன்னது, எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. இரண்டு மாதமாக அவர் வாழ்க்கையை நான்தான் கெடுக்கிறேன் என்று குன்றிப்போயிருந்தேன். "என் தலையில போட்டுட்டு நிம்மதியா இருந்தீங்களா?" என்று கேட்டேன். "நிம்மதியா எங்க இருந்தேன்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் என் கோபம் பாதியில் நின்றது. "அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணி இன்னிக்கு வர முடியலன்னு சொல்லுங்க. பஞ்சர்னு மட்டும் சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவர் அப்படியே சொன்னார். மாதக் கடைசிவரை பொறுப்பதாக முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் முன்டயரைக் கழற்றினேன். உள்ளே கோழிமுட்டை அளவுக்கு ஒரு ரப்பர் உருண்டை. மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர். எனக்கு ஒரு விநாடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வினிகர்! புளிப்புப் பட்டால் பால் உறையும். என் அப்பா முப்பது வருடம் சம்பளம் வாங்கியதே தட்டுப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்ததற்குத்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ரப்பர் பாலையும் தெரியும், இந்த மனிதரையும் தெரியும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். டயரைத் தண்ணீரில் மூன்று தடவை அலசிக் காயவைத்து, சமோவாக்காரரிடம் போய் அந்தச் சின்னப் போத்தலை வாங்கி வந்து ஊற்றினேன். அன்றைக்கும் நைட்ரஜன் அடித்துக் கொடுத்தது என் கணவர்தான்.

மாதக் கடைசிக்கு மூன்று ஞாயிறு இருந்தது. நான் ஒரு திட்டம் போட்டேன். ஞாயிறு காலையில் நெரிசல் இருக்காது. சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு இருவரும் பாலத்தைக் கடப்பது. அந்தப் பக்கம் பர்கன்ஹெட் படகுத்துறையில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவர் தனியாகத் திரும்பி வருவது. பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை, ஆனால் ஃபெரியில் ஏற்றிக்கொள்வார்கள். நான் ஃபெரியில் நகரத்துக்கு வந்துவிடுவேன். "நீங்க கூப்டா நான் வருவேன். இவ்வளவு நாளு நீங்க வந்தீங்க இல்ல?" என்றேன்.

முதல் ஞாயிறு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். நடுத் தடத்தில் போனார், வேர்த்து வழிந்தார், ஆனால் போய்ச் சேர்ந்தோம். நான் ஃபெரி ஏறி நகரத்தில் இறங்கியதும் ஃபோன் வந்தது. "முடியல மா. இங்கியே நிக்கிறேன்." எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அடுத்த ஃபெரிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து, திரும்பிப் போனேன். படகுத்துறையில் தலை குனிந்து நின்றவரிடம், "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிவந்தேன்.

இரண்டாம் ஞாயிறு, படகுத்துறைச் சரிவில் கண்ணாடித் துண்டுமேல் ஏறினேன். முன்சக்கரம் சுற்றச் சுற்ற வெள்ளையாகத் தெறித்தது, நாலு சுற்றில் நின்றது. அடைத்துக்கொண்டது! அந்தச் சந்தோஷத்தோடு நகரத்தில் இறங்கி அவருக்காகக் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். மேற்குப் பக்கம் சுற்றி வந்திருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் ஞாயிறுதான் கடைசி. மறுநாள் பதில் சொல்ல வேண்டும். படகுத்துறையில் இறங்கும்போது நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "ஃபெரி கிளம்புறப்ப நீங்களும் கிளம்புங்க," என்று மட்டும் சொன்னேன். சைக்கிளைக் கீழே கட்டிவிட்டுப் பின்பக்கத் திறந்த தளத்தில் போய் நின்றேன். மழை இல்லை, ஆனால் காற்று முகத்தில் அறைந்தது. ஃபெரி பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது மேலே வண்டிகள் ஓடும் உறுமல் கேட்டது. வெளியே வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ வெள்ளை வேன்கள். கைப்பேசி என் உள்ளங்கையில் இருந்தது. அது அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உடனே, இந்தத் தடவையும் முடியாவிட்டால் இனி என்னிடம் சொல்லவே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாரோ என்று பயம் வந்தது. அப்படி ஆவதைவிட அது அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது அடிக்கவில்லை.

நகரத்துப் படகுத்துறைக்கு வெளியே, நிறுத்தக் கூடாத இடத்தில், நாலு விளக்கும் மினுங்க வேன் நின்றது. அவர் வெளியே வந்து கதவில் சாய்ந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ அடியில போன, நான் மேல வந்தேன்," என்றார், மூச்சு வாங்க. "ஃபெரி வெளிய வந்துச்சு. பின்னால உன் மஞ்சக் கோட்டு தெரிஞ்சுச்சு. அதையே பார்த்துக்கிட்டு வந்துட்டேன் மா."

"ரோட்டைப் பார்க்காம என்னையா பார்த்தீங்க? அறிவிருக்கா உங்களுக்கு? முன்னால வண்டி நின்னிருந்தா என்னாவுறது?" நான் போட்ட சத்தத்தில் டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை. "அந்த முதலாளிக்கு இப்பத்தான் ஃபோன் போட்டேன். வர்றேன்னு சொல்லிட்டேன்."

"ஞாயித்துக்கிழமையிலயா? என்னைக் கேக்காமயா?"

"ஆமா," என்றார். "இப்பவே நல்லா திட்டிக்க. அந்தப் பாலத்துல இனிமே பக்கத்துல நீ இருக்க மாட்ட."

சைக்கிளை நானே தூக்கி வேனின் பின்னால் போட்டேன்.